ஒரு வீட்டுக்கு இரண்டு மீட்டர்

எங்கள் வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தது நீங்கள்தான். மேஸ்திரியைக் கூப்பிட்டது நான், கல் இறக்கியது நான், ஆனால் சுவர் உங்களுடையது. செங்கல்பட்டில் மண்டபம் பிடித்து, மின் கட்டணத்தை மாற்றப் போகிறோம், மக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பெயர் போட மாட்டேன். பெயர் போட்டால் வழக்குப் போடுவீர்கள். படித்தால் உங்களுக்கே தெரியும்.

நான் சார்ஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் எங்கள் காலனி. ஊர்க்காரர் நிலத்தில் கூலிக்கு இறங்கின அப்பாவுக்குச் சர்க்கார் கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடு ஒன்று. அதை ஒட்டிப் பின்னால் நாங்கள் இழுத்த ஒரு அறை. அவ்வளவுதான் சொத்து. அதில் நானும் என் மனைவியும், அண்ணனும் அண்ணியும். கடற்கரையில் உற்பத்தியாகிற மின்சாரத்தைக் கொண்டுபோகிற பெரிய கம்பி எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது. மழை பெய்தால் அது இரையும். கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். மின்சாரம் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

அண்ணன் கிரஷரில் வேலை பார்த்தவன். மலையை உடைத்து ஜல்லியாக்குகிற இடம். உங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் ஊரப்பாக்கத்து அடுக்குமாடிக்கும் போன ஜல்லியில் அவன் உடைத்ததும் இருக்கும். கல் லாரியில் போனது. தூசி அவன் நெஞ்சில் தங்கியது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஆக்சிஜன் மிஷின் வைத்துத்தான் மூச்சு, பகலும் இரவும் ஓட வேண்டும், நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பக்கத்துச் சர்ச்சில் கேட்டோம், மிஷினை வாங்கிக் கொடுத்தார்கள். சின்ன பிரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டி. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, வேண்டியதைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் பெட்டிதான்.

அது ஓடும்போது வீடே உறுமும். யாராவது வந்து என்ன சத்தம் என்று கேட்டால் அண்ணன் சிரிப்பான்.

"எனுக்கு ரெண்டாம் பொண்டாட்டிபா இவ. வாயே மூட மாட்டா. மூடுனா நான் காலி."

அண்ணி அடுப்படியில் இருந்து குரல் கொடுப்பாள். "அவளையே சோறாக்கிப் போடச் சொல்லு."

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பந்தல் போட்டு முகாம் நடத்தினார்கள். பெட்ரோலை விடுங்கள், கேஸை விடுங்கள், கரண்டுக்கு மாறுங்கள், பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று ஒரு அம்மா மைக்கில் பேசினார். கடல் ஏறுவது எனக்குத் தெரியும். பக்கத்துக் குப்பத்தில் முன்வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அந்த அம்மா சொன்னது பொய் இல்லை. அதனால்தான் மாறினேன். பெட்ரோல் ஆட்டோவைத் தள்ளிவிட்டு, கடன் போட்டு சார்ஜ் ஆட்டோ எடுத்தேன். கேஸ் விலைக்குப் பயந்து என் மனைவி கரண்ட் அடுப்பு வாங்கினாள். கூப்பிட்ட பேச்சுக்கு வந்தோம். மாறாத பக்கத்து வீட்டுக்காரன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவன் புத்திசாலி என்று பிறகு தெரிந்தது.

ஏன் என்றால், நீங்கள் கட்டணத்தில் இத்தனை இத்தனை யூனிட் என்று கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். கோட்டுக்குக் கீழே நின்றால் மலிவு, கொஞ்சம் இலவசம்கூட. மேலே போகப் போக விலை ஏறும். பெரிய கோட்டைத் தாண்டினால், கீழே நிற்கிறவனுக்குக் கிடைக்கிற மலிவு உனக்குக் கிடையாது. சரி, நிறைய செலவழிக்கிறவன் நிறைய கட்டட்டும், நியாயம்தான். ஆனால் உங்கள் கோடு ஆளை எண்ணாது. எதற்கு எரிந்தது என்றும் கேட்காது. மீட்டரை மட்டும் பார்க்கும். ஒரு மீட்டரில் நான்கு பேர், ஒரு ஆட்டோ, ஒரு அடுப்பு, ஒரு மூச்சு. நாங்கள் கோட்டைத் தாண்டினோம். ஈ.சி.ஆரில் சனி ஞாயிறு மட்டும் வந்து காற்று வாங்குகிறவனின் பங்களா பூட்டியே கிடப்பதால் அவன் கோட்டுக்குள் நின்றான். இதைத்தான் நீங்கள் பணக்காரனிடம் வாங்கி ஏழைக்குக் கொடுக்கும் கட்டணம் என்கிறீர்கள்.

அண்ணி கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை துடைக்கிறாள். ஆள் காலி பண்ணிப் போன அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்குமாம். கதவில் ஒரு அட்டை தொங்குமாம், பூமியைக் காப்போம், துண்டை இரண்டு நாள் உபயோகியுங்கள் என்று. வெயில் நேரத்துக் கரண்டுக்கு அந்த மாதிரி இடங்களுக்குத் தள்ளுபடி உண்டு என்று அங்கே இருக்கிற எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறான். பகலில் சூரிய மின்சாரம் நிறைய வருகிறது, அதைச் செலவழிக்க ஆள் வேண்டும் என்பதற்காகத் தள்ளுபடி. எங்கள் அண்ணன் பகல் முழுக்கச் செலவழித்தான். வீட்டுக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. நான் பகலில் சவாரி ஓட்டி, சாயங்காலம் வந்து சார்ஜ் போடுகிறேன். அது எல்லோரும் இழுக்கிற நேரமாம், ஊருக்கே பாரமாம். புலிக்குகைக்கு வந்த சென்னைக்காரி ஒருத்தி என் ஆட்டோவில் ஏறி, "எலக்ட்ரிக்கா? சூப்பர்ணா, என்விரான்மென்ட்டுக்கு ரொம்ப நல்லது" என்று பாராட்டிவிட்டு, "பெட்ரோல் செலவுதான் இல்லையே, கொறச்சிக்கோங்க" என்றாள்.

மண்டபத்துக்கு வருகிறேன். முதலில் கம்பெனிக்காரர்கள் பேசினார்கள், திரையில் படம் காட்டி. பிறகு சங்கத்துக்காரர்கள். எங்கள் வரிசை வரும்போது பாதி நாற்காலி காலி. மைக் கொடுத்தவன் காதில் "சீக்கிரம் முடிண்ணா" என்றான்.

நான் கேட்டேன். "சார், எங்க வூட்ல ஒரு மிஷின் கீது. எங்க அண்ணன் மூச்சு வுடறதே அதுலதான். என் ஆட்டோ சார்ஜ் ஏறுறதும் அதே மீட்டரு. ரெண்டும் சேந்தா கோட்ட தாண்டிடுது. ஏசி போட்டுகினு தூங்குறவனுக்கும் மூச்சு வுடறவனுக்கும் ஒரே ரேட்டா சார்?"

நீங்கள் சொன்னீர்கள்: "மீட்டருக்கு உங்க அண்ணனைத் தெரியாதுப்பா. யூனிட்தான் தெரியும்."

சிரித்தார்கள். முதல் வரிசையில் இருந்தவர்கள் நன்றாகவே சிரித்தார்கள்.

"அப்ப நாங்க இன்னா சார் பண்றது?"

"அண்ணன் தம்பி இன்னும் எதுக்கு ஒரே அடுப்புல? தனித்தனியா பொங்கித் தின்னுங்க. ரெண்டு குடும்பம், ரெண்டு மீட்டர். பிரச்சனை முடிஞ்சுது. நெக்ஸ்ட்."

உங்களுக்கு அது ஜோக். எங்கள் காலனியில் அதிகாரி மைக்கில் சொன்னால் அது உத்தரவு. இந்த வீட்டுப் பட்டா அப்படித்தான் வந்தது, ரேஷன் கடை அப்படித்தான் வந்தது, சுடுகாட்டுப் பாதை அப்படித்தான் வந்தது. மேடையில் இருந்து சொன்னதைச் சிரிப்புக்குச் சொன்னதா என்று நாங்கள் யோசிப்பதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணனுக்கு மகா சந்தோஷம். "பெரிய ஆபீசரே சொல்ட்டாரா? அப்பறம் இன்னாடா? போய் எழுதிக் குடு."

கரண்ட் ஆபீசில் இருந்தவர் விதியைச் சொன்னார். தனி வாசல், தனி சமையல். நடுவில் கதவு கூடாது. "கதவு இருந்துச்சுன்னா ஒரே வூடுதான்பா."

சுவர் எழும்பிய அன்றைக்கு அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு, மூக்கில் குழாயோடு உட்கார்ந்து மேஸ்திரியை வேலை வாங்கினான்.

"நேரா கட்டு மேஸ்திரி. கோணலாப் போச்சுன்னா எந்தம்பி பக்கம் சாஞ்சிடுவேன்."

முன்பக்கம் எனக்கு, ஆட்டோ நிற்க வேண்டும் என்பதால். பின்னறை அவனுக்கு. அதன் வாசல் பின்சந்தில். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகத் தெருவைச் சுற்றிப் போக வேண்டும். என் மனைவியும் அண்ணியும் அதுவரை ஒரே குழம்பு வைத்தவர்கள். சுவர் வந்த பிறகும் ஒரே குழம்புதான். கிண்ணம் தெருவைச் சுற்றிப் போனது, அவ்வளவுதான் வித்தியாசம். மீட்டர் இரண்டானது. எங்கள் பில் பாதிக்கும் கீழே இறங்கியது. உங்களை வாழ்த்திக்கூடப் பேசினோம்.

பிறகு அதையும் பிடிக்க ஆள் அனுப்பினீர்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மீட்டர் வைத்து இலவச யூனிட்டை இரட்டையாகத் தின்கிறார்கள், எல்லாவற்றையும் ஒன்றாக்கு என்று உத்தரவு. சின்ன வயசு இன்ஜினியர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். சந்து முனையில் என் மனைவி குழம்புக் கிண்ணத்தோடு எதிரே போய் நின்றாள். பிடிபட்டது மீன் குழம்பு.

"ரெண்டு குடும்பம்னு எழுதிக் குடுத்துட்டு ஒரே குழம்பா?" என்றார் அவர். "மறுபடி வருவேன். அப்பவும் இப்படின்னா பின்னாடி மீட்டரைக் கழட்டிடுவேன்."

கழற்றினால் மறுபடி கோட்டைத் தாண்டுவோம். ஆட்டோவுக்குக் கட்டுகிற தவணையா, கரண்ட் பில்லா என்று நிற்க வேண்டும். ஆட்டோ போனால் எல்லாம் போச்சு. அப்போது வழி சொன்னது அண்ணன்தான்.

"சண்ட போட்டுக்கலாம்டா. அந்த ஆளு வர்றப்ப தெருவே வேடிக்க பாக்கணும். நம்ம ஜனத்துக்குச் சண்ட போடச் சொல்லித் தரணுமா இன்னா?"

ஆளாளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தான். குழாயடிச் சண்டை. என் மனைவி குடத்தை எட்டி உதைக்க வேண்டும், அண்ணி அவள் பிறந்த வீட்டை இழுக்க வேண்டும், நான் குறுக்கே விழ வேண்டும். பின்னறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து அவனுக்கு மூச்சு வாங்கியது. அண்ணி மிஷினைக் கூட்டி வைத்தாள்.

இன்ஜினியர் வந்தார். குடம் உருண்டது. அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி அண்ணி ஆரம்பித்தாள்.

"ஒங்கம்மா வூட்ல இருந்து இன்னாடி கொண்டாந்த? ஒரு கிழிஞ்ச பாயி! அதுலயும் நாய் படுத்துகினு இருந்துச்சு!"

தெரு சிரித்தது. என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் சொல்ல வேண்டிய வசனம் வேறு. அவள் சொன்னது இது.

"ஒம் புருசன் இழுக்குற மூச்சுக்கு எம் புருசன் நாள் பூரா ரோட்ல வேகுறான்! அந்தாளு ஒரேடியா போய்ச் சேந்தா ரெண்டு வூட்டுக்கும் நிம்மதி!"

யாரும் சிரிக்கவில்லை. நான் குறுக்கே விழவும் மறந்தேன். இன்ஜினியர் தலையை நிமிர்த்தாமல் என்னவோ குறித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். இரண்டு குடும்பம்தான் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. பின்னறைக்குள் இருந்து கைதட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் தட்டினான். "சூப்பர்மா," என்றான். அப்புறம் இருமினான். இருமல் நிற்கவில்லை. அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்குள் வந்து மனைவியைக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"வாயில வந்துச்சு."

"எங்க இருந்து வந்துச்சு?"

"என்னிய கேக்கற. இந்தக் கோடு கோடுன்னு நாம பேசுனது பூரா அந்த மிஷினத்தான?" என்றாள். அப்புறம் அழுதாள். அழுகையால் ஒன்றும் ஆகவில்லை.

மீட்டர் தப்பியது. கிண்ணம் போவது நின்றது. உண்மையாகவே தனித்தனியாகப் பொங்கித் தின்ன ஆரம்பித்தோம். நீங்கள் சொன்னபடி. அண்ணி என் மனைவியிடம் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. ரிசார்ட்டுக்குப் போவாள், வருவாள், தலையைத் திருப்பிக்கொண்டு.

நான் சந்து வழியாகப் போய் அண்ணனைப் பார்ப்பேன். எப்போதும் போலத்தான் பேசுவான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உறுமல் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்டேன்.

"இன்னாண்ணா, மிஷின் சத்தமே காணோம்?"

"உங்க அண்ணிதான் கம்பளி போட்டு மூடிகீறா. தல வலிக்குதாம் அவளுக்கு."

அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். கேட்க முடியாது. வீட்டில் இருந்தாலும் பேச மாட்டாள். மிஷின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூலையில் இருந்தது, மேலே நிஜமாகவே கம்பளி கிடந்தது. மூக்கில் குழாய் இருந்தது. நம்பினேன்.

அவன் அண்ணியிடம் சொன்னது வேறு. டாக்டர் மிஷினைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், நெஞ்சு பழகிவிட்டதாம், காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் போட்டால் போதுமாம், இரவில் வேண்டவே வேண்டாமாம். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவன் நான். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் என்னைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பொய் உடைந்திருக்கும். பேச்சு இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு பொய்யைச் சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டான். அதற்குத் தோதாகச் சுவரும் இருந்தது.

ஒரு சாயங்காலம் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சுவரில் தட்டுகிற சத்தம். தட்டுவது இல்லை, இடிப்பது. அண்ணி. கதவு இருந்திருந்தால் இரண்டு எட்டு. சந்தைச் சுற்றி ஓடினேன். அவன் கட்டிலில் சாய்ந்தபடி இருந்தான், உதடு நீலமாக. மூக்கில் குழாய் இருந்தது. மிஷினின் ஒயரைப் பிளக்கில் இருந்து பிடுங்கி, அழகாகச் சுருட்டி, பெட்டி மேல் வைத்திருந்தான்.

செங்கல்பட்டு போய்ச் சேரும்போது உயிர் இருந்தது. வராந்தாவில் வைத்து டாக்டர் அண்ணியைக் கேட்டார், மிஷின் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று.

"நீங்கதான சார் கொறச்சிக்கச் சொன்னீங்க?" என்றாள்.

"யார் சொன்னா?"

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். சண்டைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பளி..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா கம்பளி?" என்றாள்.

அதற்கு மேல் ஒருத்தரை ஒருத்தர் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அவன் இல்லை.

காரியம் முடிந்த பிறகு ரீடிங் எடுக்க ஆள் வந்தார். பின்சந்து மீட்டரைப் பார்த்தார். அண்ணி போனுக்கு மெசேஜ் வந்தது. எனக்குக் காட்டினாள். கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். இலவச யூனிட்டுக்குள்ளேயே நின்றிருந்தான். ஒரு கோட்டையும் தாண்டவில்லை. சிக்கனமான வாடிக்கையாளர் என்றால் அவன்தான். உங்கள் கட்டணம் எந்த வேலைக்குப் போடப்பட்டதோ அந்த வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நிறையச் செலவழித்தால் வலிக்கும், வலித்தால் குறைப்பான். குறைத்தான்.

கட்டணத்தை மாற்றாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மாற்று என்கிறேன். சூடாகிறது, தெரிகிறது. எல்லாரும் கரண்டுக்கு வர வேண்டும், சரி. அப்படியென்றால் வந்தவனை அடிக்காதே. பெட்ரோலை விட்டவனுக்கும் கேஸை விட்டவனுக்கும் கோட்டைத் தள்ளிப் போடு. வெயில் நேரத்து மலிவை ரிசார்ட்டுக்கு மட்டும் வைக்காமல் வீட்டுக்கும் கொடு. மீட்டரை எண்ணுகிற கண்ணால் ஆளையும் எண்ணு. வியாதிக்காரன் மிஷினுக்குத் தனிக் கணக்கு வை. இதற்குப் படிப்பு வேண்டுமா? இதைத்தான் மண்டபத்தில் கேட்க வந்தேன். எனக்கு நீங்கள் கொடுத்தது ஒரு ஜோக்.

இப்போது மறுபடியும் கருத்துக் கேட்கப் போகிறீர்களாம், கட்டணத்தைக் காலத்துக்கு ஏற்றபடி சீர்திருத்த. பேப்பரில் போட்டிருந்தது. வருகிறோம். வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். ஆபீசுக்குத் தனியாகக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசாதீர்கள். வருத்தம் தெரிவிக்கிறேன் என்று கடிதம் போடாதீர்கள், அதை வாசிக்க எங்களுக்கு நேரமில்லை. அன்றைக்குச் சிரித்த கூட்டம் அத்தனையும் உட்கார்ந்திருக்கும்போது, மைக்கைக் கையில் எடுத்து, முதல் வரிசையில் உட்காரப் போகிற என் அண்ணியின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: மூச்சு விடுவதற்கு எந்த ரேட்டு போட்டு வைத்திருக்கிறீர்கள்? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.